தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி: உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் எதைப் பார்த்து இடம் தருகின்றன?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் நம் ஊர்களில் எல்லார் வாயிலும் இருப்பது ஒரே கேள்விதான்: அறுநூறுக்கு எவ்வளவு? அந்த எண்ணும் அதிலிருந்து வரும் கட் ஆஃபும் தெரிந்துவிட்டால் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். அதனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இதே வழியில்தான் மாணவர்களை எடுக்கின்றன என்று பெற்றோரும், ஆசிரியர்களில் பலரும்கூட, நினைத்துக்கொள்கிறார்கள். பாலக்கோடு பக்கத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் நான், சில ஆண்டுகளாக இத்தகைய விண்ணப்பங்களை மாணவர்களோடு உட்கார்ந்து நிரப்பி வருகிறேன். நல்ல மதிப்பெண் வைத்திருந்தும், தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விண்ணப்பத்தை அனுப்பிவிட்ட பிள்ளைகளை அதிகம் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அவர்களுக்கு அடுத்து வரும் பிள்ளைகளுக்கானது. ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படிக்கும் மாணவர் இதைப் படித்தால் பயன் அதிகம். பிளஸ் டூவில் இருப்பவரும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

முன்னணிப் பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு சேர்க்கை முறைகள் இருக்கின்றன. முதல் வகை, நுழைவுத்தேர்வின் ரேங்க்கை மட்டும் பார்ப்பது. ஐ.ஐ.டி.யில் பி.டெக். சேர வேண்டுமானால் ஜே.இ.இ. மெயின் தேர்வில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்து, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதி, நல்ல ரேங்க் வாங்க வேண்டும்; அத்துடன் பிளஸ் டூவில் 75 விழுக்காடு மதிப்பெண்ணோ, வாரியத்தின் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இடமோ இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறன் மாணவர்களுக்கு அந்த 75 என்பது 65 ஆகும். பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு, ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள், சென்னைக் கணிதவியல் கழகம் ஆகியவற்றுக்கும் நுழைவுத்தேர்வே வழி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் சேருவோரின் இளநிலைப் படிப்புச் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கிறது என்பதால், நம் மாவட்டத்து மாணவர் இந்த வழியை ஒருபோதும் இரண்டாம் இடத்தில் வைக்கக் கூடாது. ஆனால் இங்கே கட்டுரைக்கோ பரிந்துரைக் கடிதத்துக்கோ வேலையில்லை. இனி வரும் பகுதிகள் மற்ற இரண்டு வகைகளைப் பற்றியவை.

இரண்டாவது வகை, பாடத்தில் ஆழத்தைப் பார்ப்பது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இதற்கு உதாரணம். இயற்பியலுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் கபடி அணித் தலைவரா, கலைத்திருவிழாவில் பரிசு வாங்கினாரா என்பது அங்கே பெரிதாக எடுபடாது. பாடப்புத்தகத்துக்கு அப்பால் இயற்பியலில் எதைப் படித்தார், எதைச் செய்து பார்த்தார், புரியாத கேள்வியை எதிரே வைத்தால் எப்படிச் சிந்திக்கிறார் என்பதே கேள்வி. யூகாஸ் என்ற பிரிட்டன் பொது விண்ணப்பத் தளத்தின் வழியாக ஐந்து படிப்புகள் வரை விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரே ஆண்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது. இவ்விரண்டுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து தன்விளக்கக் கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள், பள்ளிப் படிப்பு உங்களை அதற்கு எவ்வாறு தயார்செய்தது, பள்ளிக்கு வெளியே அதற்காக வேறென்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகளையும் உட்படுத்தி, 4,000 எழுத்துகள்தான். டிசம்பரில் நடக்கும் நேர்காணலில் பேராசிரியர்கள் மாணவருக்குத் தெரியாத ஒரு கணக்கையோ வரைபடத்தையோ கொடுத்து, வாய்விட்டுச் சிந்திக்கச் சொல்வார்கள். விடையைவிட, குறிப்புக் கொடுத்ததும் மாணவர் தன் எண்ணத்தைத் திருத்திக்கொள்கிறாரா என்பதை அவர்கள் கவனிப்பார்கள். ‘தெரியவில்லை ஐயா’ என்று சொல்லிவிட்டு மௌனமாக நிற்கும் நம் வகுப்பறைப் பழக்கத்தை இதற்காகவே மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகை, மாணவரை முழுமையாகப் பார்ப்பது. ஹார்வர்டு, எம்.ஐ.டி., யேல், பிரின்ஸ்டன் முதலிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண், பள்ளியின் பின்னணி, வகுப்புக்கு வெளியே செய்தவை, கட்டுரைகள், ஆசிரியர் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வைத்துப் படிக்கின்றன. நம் நாட்டில் சோனிப்பட்டிலுள்ள அசோகா பல்கலைக்கழகமும், ஓசூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத சர்ஜாபூரில் இயங்கும் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் மதிப்பெண்ணோடு நிற்காமல் மாணவரிடம் பேசிப் பார்த்தும் எடுக்கின்றன. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டண உதவியும் தருகின்றன. அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்க உழைத்த மாணவர் இவ்விரண்டுக்கும் விண்ணப்பிக்காமல் விடுவது வீண்.

மதிப்பெண்ணும் அதைச் சுற்றியுள்ள விளக்கமும்

மதிப்பெண் இல்லாமல் இந்த வழியில் எதுவும் நடக்காது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அண்மை ஆண்டுகளில் ஹார்வர்டுக்கு விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே இடம் கிடைக்கிறது; விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோர் தங்கள் பள்ளியில் முதல் வரிசையில் இருப்பவர்கள். எல்லாரிடமும் உயர்ந்த மதிப்பெண் இருக்கும்போது அதை வைத்து ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்க முடியாது என்பதால்தான் மற்றவற்றைப் பார்க்கிறார்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை நான்கு ஆண்டு மதிப்பெண்களைக் கேட்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் எல்லார் வீட்டு பீரோவிலும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பள்ளியின் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு வேறு பள்ளிக்கு மாறியவர்கள், பழைய பள்ளியில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, தலைமை ஆசிரியரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள மதிப்பெண் பட்டியலை பிளஸ் ஒன்னிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் மாதக் கடைசியில், அரையாண்டு விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும்போது அதைத் தேடி அலைந்த மாணவர்களை நான் அறிவேன்.

இதைவிட முக்கியமானது, பலரும் கேள்விப்பட்டேயிராத ஒரு தாள். விண்ணப்பத்தோடு பள்ளியைப் பற்றிய அறிமுகக் குறிப்பு ஒன்றைப் பள்ளியே அனுப்ப வேண்டும். பெருநகரத் தனியார் பள்ளிகள் இதை அச்சிட்டுத் தயாராக வைத்திருக்கின்றன. நம் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பெரும்பாலும் அப்படி ஒன்று இருப்பதில்லை. விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு மாணவர் படித்த பள்ளி தெரியாவிட்டால் அவருடைய மதிப்பெண்ணின் எடை தெரியாது. ஆகவே தலைமை ஆசிரியரிடம் பேசி ஒரு பக்கக் குறிப்பைத் தயாரியுங்கள். பிளஸ் டூவில் எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்தெந்த குரூப் இருக்கிறது, பயிற்றுமொழி எது, மொத்தம் 600 மதிப்பெண்ணில் சென்ற ஆண்டு பள்ளியின் சராசரி என்ன, அதிக மதிப்பெண் என்ன, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் எவ்வளவு பேர், தமிழ்நாட்டில் 2017 முதல் மாநில அளவிலான ரேங்க் பட்டியல் வெளியிடப்படுவதில்லை, அதனால்தான் விண்ணப்பத்தில் ரேங்க் இல்லை என்ற விளக்கம் — இவ்வளவும் அந்த ஒரு பக்கத்தில் வர வேண்டும். பாடங்களை மாணவர் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது, குரூப்பாகத்தான் எடுக்க முடியும் என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால், கணிதமும் வரலாறும் சேர்த்துப் படிக்க இந்த மாணவருக்கு விருப்பமில்லை போலும் என்று அங்கே இருப்பவர் நினைத்துக்கொள்ள இடமுண்டு.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வைச் சில பல்கலைக்கழகங்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன, எம்.ஐ.டி. 2022இலும் ஹார்வர்டு 2024இலும் அதை மறுபடியும் கட்டாயமாக்கின. மொத்தம் 1600 மதிப்பெண்; கணினியில் எழுதும் தேர்வு; கான் அகாடமி இணையதளத்தில் பயிற்சி இலவசம். நம் பிள்ளைகளுக்குக் கணிதப் பகுதி எளிதாகவே இருக்கும். ஆங்கில வாசிப்புப் பகுதிக்குத்தான் ஓராண்டு தொடர்ந்து படிக்க வேண்டியிருக்கும். தினம் அரைமணி நேரம் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தைப் படிப்பது எந்தப் பயிற்சி வகுப்பையும்விட உதவும் என்பது என் அனுபவம்.

வகுப்புக்கு வெளியே செய்தவை

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளைக் குறிப்பிடலாம். (எம்.ஐ.டி.க்குத் தனி விண்ணப்பம் உண்டு.) ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று கேட்பார்கள், விளக்கத்துக்கு 150 எழுத்துகள்தான் இடம். இந்தப் பகுதிக்கு வந்ததும் நம் மாணவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ‘எங்கிட்ட ஒண்ணுமே இல்லீங்க சார்’ என்பார்கள். பியானோ, விவாதப் போட்டி, வெளிநாட்டுக் கோடை முகாம் என்று இணையத்தில் பார்த்த பட்டியல்கள்தான் அவர்கள் மனத்தில் இருக்கும்.

ஆனால் அந்த விண்ணப்பத்திலேயே, செயல்பாட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், குடும்பப் பொறுப்புகள் என்றும் ஊதியத்துக்குச் செய்த வேலை என்றும் தனித்தனி வகைகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பென்னாகரத்துக் கிராமத்தில் பாட்டியையும் தம்பியையும் பார்த்துக்கொண்டு, விடியற்காலையில் மாட்டில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு வரும் மாணவர், வாரத்துக்கு இருபது மணி நேரம் ஒரு பொறுப்பைச் சுமக்கிறார். அதை அப்படியே, மணிக்கணக்கோடு எழுத வேண்டும். அப்படி எழுதுவதால் தகுதி குறைந்துவிடாது. கையிலிருந்த நேரத்தை அந்த மாணவர் எதற்குச் செலவிட்டார் என்பதைச் சேர்க்கைக் குழு அதிலிருந்துதான் அறிந்துகொள்கிறது.

எழுதும் விதம் முக்கியம். ‘நாட்டு நலப்பணித் திட்ட உறுப்பினர், பல்வேறு சமூகச் சேவைகளில் ஈடுபட்டேன்’ என்ற வரியால் யாருக்கும் எதுவும் தெரியாது. தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதும், பற்களில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உட்கார்ந்திருந்ததும் நமக்குத் தெரிந்த கதை. அதற்காகவே ஜப்பான் நாட்டு நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. இருந்தும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் வீடுகள் இன்னும் உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு மாணவர் உண்மையாகவே என்ன செய்தார் என்று கேட்டால், ‘எங்கள் ஊரின் பன்னிரண்டு போர்வெல் நீரைப் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, எதில் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டுகிறது என்று பார்த்து, ஊர் வரைபடத்தில் சிவப்பு வட்டமிட்டுப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டினேன்’ என்று சொல்லக்கூடும். அவர் எழுத வேண்டிய வரி அதுதான்: என்ன செய்தார், எத்தனை, அதனால் என்ன தெரிந்தது.

பரிசுகளுக்கும் இதே விதி. தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் தேர்ச்சி என்று மட்டும் எழுதினால் வெளிநாட்டவருக்குப் புரியாது. மாநிலம் முழுவதிலுமிருந்து எழுதும் பிளஸ் ஒன் மாணவர்களில் தேர்ந்தெடுக்கப்படும் 1,500 பேரில் ஒருவர், மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு அரசு உதவித்தொகை என்று எழுதினால் புரியும். ஊரகத் திறனாய்வுத் தேர்வு, தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, இன்ஸ்பயர் மானக் விருது, வானவில் மன்றப் போட்டி எதுவானாலும் எத்தனை பேரில் எத்தனையாவது என்ற விளக்கத்தைச் சேர்க்க மறக்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பணம் வாங்கிக்கொண்டு ஆய்வுக் கட்டுரையில் பெயர் சேர்ப்பதாகவும், அறக்கட்டளை தொடங்கியவர் என்று சான்றிதழ் தருவதாகவும் சொல்லும் கன்சல்டன்சிகள் ஓசூர், சேலம் வரை வந்துவிட்டன. பதினேழு வயதுப் பிள்ளையின் பெயரில் நான்கு நிறுவனங்கள் இருப்பதைச் சேர்க்கைக் குழு நம்பாது. இரண்டு லட்சம் ரூபாய்க்கு அந்தச் சான்றிதழை வாங்க நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று என்னிடம் கேட்ட ஒரு தகப்பனாரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

கட்டுரை: மாணவரின் குரல் கேட்கும் ஒரே இடம்

முதன்மைக் கட்டுரைக்கு 650 ஆங்கிலச் சொற்கள் உச்ச வரம்பு. இதைத் தவிர ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சிறு கேள்விகளைத் தனியாகக் கேட்கும். விண்ணப்பத்தின் மற்ற எல்லாப் பகுதிகளிலும் மாணவரைப் பற்றி மற்றவர்களோ எண்களோ பேசுகின்றன. கட்டுரையில் மட்டும் அவரே பேசுகிறார். ஆகவே இதற்கு இரண்டு மாதமாவது ஒதுக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வந்த ஒரு மாணவியின் முதல் வரைவு, சிறுவயது முதலே விஞ்ஞானியாக வேண்டும் என்பது தன் கனவு என்று தொடங்கி, அப்துல் கலாமின் பெயரைச் சொல்லி, நாட்டுக்குச் சேவை செய்வதோடு முடிந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த வரைவை நம் மாவட்டத்தில் எந்த மாணவர் பெயரிலும் அனுப்பலாம். அதை ஓரமாக வைத்துவிட்டு, நேற்றிரவு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். புழுவுக்கு இலை போட்டேன் என்றார்.

அவர்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசி வாரத்தில்தான் புழு அதிகமாகத் தின்னும். இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் மல்பெரி இலை வெட்டிப் போட வேண்டும். கொட்டகை முழுக்க மழை பெய்வதுபோல் இலை கடிபடும் ஓசை கேட்கும் என்று சொன்னார். ஒரு சித்திரை மாதம், வெயில் ஏறி, புழுக்கள் இலையைத் தொடாமல் துவண்டு, ஒரு பேட்ச் முழுவதும் செத்துப்போனது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோக எதுவும் இல்லாமல் அந்த மாதக் கடன் தவணை நின்றது. அடுத்த பேட்ச்சுக்கு அவர் கொட்டகையின் நான்கு மூலையிலும் நடுவிலும் வெப்பமானி வைத்து மூன்று வேளையும் குறித்திருக்கிறார். மேற்குப் பக்கம் மட்டும் மூன்று டிகிரி அதிகம் என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்து ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டார். அப்படியும் ஈரம் கூடிப் பூஞ்சை வந்ததால், சாக்கைப் பகலில் மட்டும் கட்டினால் போதும் என்று கண்டுபிடித்தார். இவ்வளவும் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. இதெல்லாம் படிப்பில் சேருமா சார் என்று அவர் கேட்டார்.

அவருடைய புதிய கட்டுரை அந்த நோட்டிலிருந்து எழுந்தது. வறுமையை அவர் விவரிக்கவில்லை. கடன் தவணை ஒரே வரியில் வந்தது. இலை கடிபடும் ஓசை நின்றுபோன இரவில் தொடங்கி, முதலில் தவறாகப் புரிந்துகொண்டதையும் பிறகு திருத்திக்கொண்டதையும் எழுதி, ஈரமும் வெப்பமும் சேர்ந்து ஓர் உயிருக்குள் என்ன செய்கின்றன என்று இன்னும் தனக்கு விளங்கவில்லை, அதைப் படிக்கத்தான் வருகிறேன் என்று நிறுத்தினார். அந்த ஆண்டு அவர் விண்ணப்பித்த ஐந்து இடங்களில் நான்கு மறுத்தன. ஒன்று முழு உதவித்தொகையோடு ஏற்றது. நல்ல கட்டுரை எழுதினால் எல்லா இடமும் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள். வீட்டில் அக்காவிடம் சொல்வதுபோல எழுதிவிட்டு, பிறகு நீங்களே எளிய ஆங்கிலத்தில் மாற்றுங்கள். இலக்கணப் பிழையை ஆங்கில ஆசிரியரிடம் திருத்திக்கொள்ளலாம். வாக்கியங்களை அலங்கரிக்க மட்டும் விட்டுவிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதச் சொல்வதும் ஏஜென்ட்டிடம் எழுதி வாங்குவதும் ஒன்றுதான்: நேர்காணலில் அதே மாணவர் பேசும்போது கட்டுரையின் மொழியும் பேச்சும் ஒட்டாது. துன்பத்தை மட்டும் அடுக்குவதையும் தவிருங்கள். பட்ட கஷ்டத்தைச் சொல்லலாம். அதன் நடுவே நீங்கள் என்ன யோசித்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பது அதைவிட அதிக இடத்தைப் பிடிக்க வேண்டும்.

‘எங்கள் பல்கலைக்கழகம் ஏன்?’ என்ற சிறு கேள்விக்கு, உலகப் புகழ் பெற்றது என்று எழுதுவது பயனற்றது, அவர்களுக்கே தெரியும். அங்கே நடக்கும் ஒரு பாடத்தையோ ஆய்வகத்தையோ இணையதளத்தில் படித்து, உங்கள் கேள்விக்கும் அதற்கும் உள்ள தொடர்பை எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம்: ஆசிரியர்களுக்கும் சேர்த்து

பெரும்பாலும் இரண்டு பாட ஆசிரியர்களின் கடிதமும் பள்ளி ஆலோசகரின் கடிதமும் தேவைப்படும். நம் பள்ளிகளில் ஆலோசகர் என்று தனியாக யாரும் இல்லாததால் தலைமை ஆசிரியரே அந்த இடத்தில் எழுதலாம். கடிதத்தை ஆசிரியர் தம் மின்னஞ்சல் வழியாக நேரடியாகப் பதிவேற்றுவார். மாணவர் கையில் கொடுத்தனுப்புவதில்லை. பள்ளியின் அலுவல் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

நான் எழுதிய முதல் கடிதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ‘நல்லொழுக்கமும் கடின உழைப்பும் உடையவர், ஆசிரியர்களுக்குக் கீழ்ப்படிபவர், அவர் வாழ்வில் எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன்’ என்று நான்கு வரியில் முடித்திருந்தேன். அது நன்னடத்தைச் சான்றிதழின் மொழி. டி.சி.யோடு சேர்த்துக் கொடுப்பதற்கு அது போதும். ஆயிரக்கணக்கான கோப்புகளைப் படிப்பவருக்கு அந்த மாணவர் யார் என்று அதிலிருந்து எதுவும் தெரியாது. அந்த மாணவரோ, மின்னோட்டப் பாடத்தில் பாடப்புத்தகத்தின் படத்தில் ஒரு பிழை இருப்பதைக் காட்டி, மறுநாள் மின்சுற்றை அமைத்துக்கொண்டுவந்து வகுப்பில் நிரூபித்தவர். அதை நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: வகுப்பில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளையாவது, தேதி நினைவில்லாவிட்டாலும் பாடத்தோடு, எழுதுங்கள். உங்கள் பணிக்காலத்தில் கற்பித்த மாணவர்களில் இவர் எத்தகையவர் என்று ஒப்பிடுங்கள். மாணவர் சொல்லிக்கொள்ளத் தயங்கும் குடும்பச் சூழல், தினமும் இரண்டு பேருந்து மாறி வருவது போன்றவற்றை, அவருடைய சம்மதத்தோடு, நீங்கள் சொல்லலாம். மாணவர்கள் செய்ய வேண்டியது: பிளஸ் டூ தொடங்கும் ஜூன் மாதத்திலேயே ஆசிரியரிடம் கேளுங்கள், அவர் வகுப்பில் உங்களுக்குப் பிடித்த பாடம், நீங்கள் கேட்ட கேள்வி, செய்த செய்முறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதிக மதிப்பெண் போட்ட ஆசிரியரைவிட, உங்களை நன்றாக அறிந்த ஆசிரியரே ஏற்றவர்.

பணம்

அமெரிக்காவின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. இதைக் கேட்டதும் பேச்சு முடிந்துவிடுகிறது, முடியக் கூடாது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற சில நிறுவனங்கள், பிற நாட்டு மாணவர்களுக்கும், பணம் கட்ட முடியுமா என்பதைப் பார்க்காமல் இடம் கொடுத்துவிட்டு, குடும்பத்தால் முடிந்தது போக மீதியைத் தாங்களே ஏற்கின்றன. மற்றப் பல இடங்களில் உதவி கேட்பது தேர்வைப் பாதிக்கும். ஆயினும் இடம் கொடுத்தால் முழு உதவியும் கொடுப்பவை அவற்றிலும் உண்டு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் இந்திய இளநிலை மாணவர்களுக்கு முழு உதவித்தொகை மிக அரிது என்பதால், செலவுக்கு வழி தெரியாத குடும்பங்கள் அதை நம்பி மட்டும் இருக்க வேண்டாம்.

உதவி கேட்போர் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவத்தையோ அதற்கு இணையானதையோ நிரப்ப வேண்டும். மாத வருமானம் என்று ஒன்று இல்லாத விவசாயக் குடும்பம், மா விற்ற ஆண்டும் விற்காத ஆண்டும் வேறுவேறாக இருக்கும் என்பதை ஒரு விளக்கக் கடிதமாக எழுதி இணைக்கலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கும் வட்டாட்சியரின் வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம், நிலப் பட்டா ஆகியவற்றில் உள்ள விவரங்கள் படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். வருமானத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். விண்ணப்பக் கட்டணத்தை விலக்கக் கோரும் வசதியும் உண்டு. அதற்குப் பள்ளித் தலைமையாசிரியரின் ஒப்புதல் கேட்கப்படலாம். சந்தேகங்களுக்குச் சென்னையில் இயங்கும் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. ஆலோசனை மையத்தை அணுகலாம். அது அமெரிக்க அரசின் ஆதரவில் நடப்பது.

பெயரும் நாட்காட்டியும்

நம் பெயர் முறையால் வரும் சிக்கலைப் பிளஸ் ஒன்னிலேயே தீர்த்துவிடுங்கள். பள்ளிச் சான்றிதழில் ‘மு. கவிதா’ என்றும், ஆதாரில் ‘கவிதா முனுசாமி’ என்றும், வங்கியில் ‘கவிதா எம்’ என்றும் இருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் விளக்கம் எழுத வேண்டிவரும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதி, அதில் உள்ளபடியே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். குடும்பப் பெயர் என்று கேட்கும் இடத்தில் பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுதான்.

காமன் ஆப் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதிதாகத் திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமானதற்கு ஜனவரித் தொடக்கம் கடைசி நாள். முன்கூட்டிய முறைகளில் ஒன்று, இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டுப்படுத்தும். கையெழுத்திடுமுன் பெற்றோரோடு படித்துப் பாருங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களைப் பள்ளி இடையில் அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால் அந்தத் தேர்வுகளைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். வழக்கமான விண்ணப்பத்தின் முடிவுகள் மார்ச் இறுதியில், பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கும் நாட்களிலோ முடிந்த கையோடோ வரும். கிடைத்த இடமும் பிளஸ் டூ இறுதி மதிப்பெண் சரியாமல் இருப்பதைப் பொறுத்தே உறுதியாகும்.

உதவித்தொகைக் கடிதம் வந்தால், எவ்வளவு திருப்பித் தர வேண்டாத தொகை, எவ்வளவு கடன், எவ்வளவு மாணவர் அங்கே வேலை செய்து ஈட்ட வேண்டியது என்று மூன்றாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். விமானக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். அதுவரை பொறியியல் கலந்தாய்வு, கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பம் ஆகியவற்றை நிறுத்தாமல் தொடருங்கள். உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் டி.சி.யையும் மதிப்பெண் சான்றிதழையும் அசலாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். விசா நேர்காணலுக்கு அவை தேவைப்படும்போது திரும்பப் பெற நாளாகும் என்பதால், ஒப்படைக்கும் முன்பே எல்லாவற்றையும் இருபுறமும் ஸ்கேன் செய்து, சான்றொப்பமிட்ட நகல்கள் நான்கைந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.